திரைக்குப் பின்னால் மூன்று டிரம்பெட்

பத்தாங் காலி ஊர்க் கல்யாண மண்டபத்துக்குள் மணப்பெண் நுழையப் போகிறாள். "திரைக்குப் பின்னால மூணு டிரம்பெட்!" என்று மைக்கில் முழங்குகிறார், அரசு தரும் டத்தோ பட்டத்துக்குக் காத்திருக்கும் அவள் அப்பா ஆன்ட்ரூ. திரைக்குப் பின்னால் இசைக்குழுவின் ராஃபேலும் அவர் கீபோர்டும் பாடகி ஷெல்லியும்தான், பேசிவைத்த டிரம்பெட்காரர்கள் வரவேயில்லை. "மாட்டுனா இனிமே இந்தப் பக்கம் நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க லா, அண்ணே," என்கிறாள் ஷெல்லி. ராஃபேல் கீபோர்டை டிரம்பெட் ஒலிக்கு மாற்றி, கன்னத்தை உப்பவைத்து, வாயால் ஊதிக்கொண்டே வாசிக்கிறார். தன் மூச்சு தீருமிடத்தில் விரலை எடுக்கிறார், உண்மையான டிரம்பெட்டும் அங்கேதானே நிற்கும். மூன்று விரல்களும் மூன்று ஆட்களைப் போல இம்மியளவு முன்பின்னாக விழுகின்றன. ஊதும் சிரமத்தில் அவர் கண்ணில் நீர் முட்டுகிறது. பெண் மேடையேறி முடிந்து வாசிப்பும் ஓய்ந்ததும் திரையிடுக்கில் ஆன்ட்ரூவின் மோதிரக் கை நுழைகிறது. தட்டில் மூன்று கிளாஸ் சிராப் சர்பத். "ஊதி ஊதிக் களைச்சிருப்பீங்க, குடிங்க தம்பிங்களா!" ராஃபேல் மூன்று குரலில் நன்றி சொல்கிறார்.