உள்ளே ஒன்று பாக்கி

முதலில் தப்புப் பண்ணியது தங்கை புருஷன்தான். லாரி மெக்கானிக்கின் ஸ்பேனர் செட்டை இரவல் வாங்கிப் போனவன், "எல்லாம் இருக்கு மச்சான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இல்லை.

வருஷக்கணக்காக, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெக்கானிக் தங்கை வீட்டுக்குப் போவார். கேட்பார், கத்துவார், சாப்பிடுவார், திரும்புவார்.

இப்போது அந்தத் தங்கை புருஷனுக்குப் பித்தக் குழாயில் கல். ஆபரேஷன்.

"கல்லை எடுத்தப்புறம், மிச்சம் ஏதும் இருக்கான்னு குழாய்க்குள்ள பிரஷர் பார்க்கலாம்," என்றார் டாக்டரம்மா. "எல்லாருக்கும் பண்றதில்லை. மயக்கத்துல கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கணும். நீங்க சரின்னா பண்றேன்."

"வேண்டாம் டாக்டர். சீக்கிரம் முடிஞ்சா போதும்," என்றாள் தங்கை.

"பிரஷர் பார்த்துடுங்க டாக்டர்," என்றார் மெக்கானிக். "இவன் விஷயத்துல எல்லாம் வந்தாச்சுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஒண்ணு உள்ளே இருக்கும்."

"அண்ணே! வஞ்சம் தீர்த்துக்க இதுதானா நேரம்?"

அவர் காதில் வாங்கவில்லை. "எப்படிப் பார்ப்பீங்க?"

"மெல்லிசா ஒரு டியூபைக் குழாய்க்குள்ள விட்டு, உப்புத் தண்ணி நிரப்பி, நிமிர்த்திப் பிடிப்போம். வழி திறந்திருந்தா தண்ணி மட்டம் இறங்கிடும். இறங்காம நின்னா, இன்னும் ஏதோ அடைச்சிருக்குன்னு அர்த்தம்."

தங்கை மூக்கைச் சிந்தினாள். "சரி, பார்த்துடுங்க."

தியேட்டர் கதவு திறந்தபோதெல்லாம் மெக்கானிக் எழுந்தார்.

"கல் எல்லாம் எடுத்தாச்சு," என்றாள் நர்ஸ்.

"தண்ணி இறங்குச்சா?"

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரையும் விடவில்லை. "தண்ணி இறங்குச்சாப்பா?"

கடைசியில் டாக்டரம்மாவே வந்தார், கையில் சின்ன பாட்டிலோடு. "மட்டம் இறங்கவே இல்லை. மறுபடி தேடினோம். அடிமுனையில ஒளிஞ்சிருந்தது இந்தக் கல். இப்ப இறங்கிடுச்சு."

"நான் சொல்லலை?" என்றவர், தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வார்டில், மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே பாட்டிலை ஆட்டினார்.

"இது வந்துடுச்சு. பதினாலாம் நம்பர் எங்கே?"

"அலமாரியில பத்திரமா இருக்கு மச்சான்."

"அப்புறம் ஏன்யா இத்தனை வருஷமா தரலை?"

மாப்பிள்ளை தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தந்துட்டா நீங்க எங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பீங்களா?"

மெக்கானிக் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வர்றேன். எடுத்து வை."

"வாங்க மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "தர மாட்டேன்."