எங்கட வீட்டுத் தண்ணி

1980 சித்திரை வருடப்பிறப்பு. வட்டக்கச்சி ஒற்றுமை விழா மேடையில், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய இலட்சுமியின் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார் தலைவர் ஏரம்பு.

"நாங்கள் எல்லாரும் ஒண்டு!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இறங்கியதும் மனைவி கமலாட்சியின் காதருகே குனிந்தார்.

"செம்பிலை எங்கட வீட்டுத் தண்ணிதானே ஊத்திக் குடுத்தனீர்?"

"ஓமப்பா, அடுப்படிக் குடத்திலை இருந்துதான்."

"அப்பாடா! அவையின்ரை கிணத்துத் தண்ணியை ஆர் வாயிலை வைக்கிறது?"

கமலாட்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாய்க்காலிலை குளிக்கிற உங்களுக்கு எங்கை தெரியும்? எங்கட கிணறு பங்குனியிலையே வத்திப்போச்சு. ஒரு மாதமா இலட்சுமி வீட்டுக் கிணத்திலைதான் குடம் நிரப்புறன்."

தலைவருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கேட்கத்தான் வாய் வரவில்லை.