ஆடிய வீடியோ

ஷம்சுதீன் போட்ட சத்தம் ரங்கூனின் தாகேதா பேட்டையில் நாலு சந்துக்குக் கேட்டது. மகன் ஆபித் ஓட்டப்பந்தயத்தில் ஓடும் வீடியோவை பாங்காக் கல்லூரிக் கோச்சுக்கு அனுப்பி இடம் கேட்டிருந்தார், பதிலே காணோம்.

“எப்படி வரும்? படம் பூரா ஆட்டம்! போனை ஒழுங்காப் பிடிக்கத் துப்பில்ல உனக்கு!” என்று மகள் சமீனாவை வறுத்தெடுத்தார்.

சமீனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்நேரம் பார்த்து போனில் கோச்சின் கேள்வி வந்து விழுந்தது: “படம்பிடித்தது மோட்டார் சைக்கிளிலிருந்தா?”

கடுப்போடு தட்டினார் ஷம்சுதீன்: “ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்கே தடை. மகள் கூடவே ஓடி எடுத்தாள். ஆட்டத்துக்கு மன்னிக்கவும்.”

உடனே பதில் வந்தது: “உங்கள் மகள் மகனுக்கு முன்பே எல்லைக்கோட்டைத் தாண்டி, அவர் வருவதையும் எடுத்திருக்கிறாரே! இனி மகளே எனக்கு எழுதட்டும்.”

ஷம்சுதீனின் கை நடுங்கியது.

“போனை இங்க குடுங்க, வாப்பா,” என்றாள் சமீனா. “நான் ஆடாமப் பிடிக்கிறேன்.”