கைத்தாங்கல்

ஏழாவது தடவையாக விமானம் ஓடுபாதையில் மூக்குக் குத்தி விழுந்தது. திரை முழுக்கச் சிவந்து அணைந்தது. கண்ணாடிக்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு, தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

இந்த ஆள் கையில் சைக்கிளைக் கொடுத்தால்கூடச் சாக்கடையில்தான் விடுவார் என்று நினைத்துக்கொண்டான் சர்க்கரை. கம்பெனியில் அவனுக்கு அதுதான் பேர். வாடிக்கையாளர் யாராயிருந்தாலும் அப்படிக் கரைந்து கரைந்து பேசுவான்.

விமானப்படைப் பயிற்சிப் பள்ளிக்கு நாற்பது கணினிகள் வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் நிஜ விமானத்தில் ஏறுவதற்கு முன் அதில்தான் ஓட்டிப் பழகுவார்கள். கடைசிச் சுற்றில் இரண்டே கம்பெனிகள். இரண்டு மேஜையில் இரண்டு பெட்டிகள். சீருடை மொடமொடக்க வந்த அதிகாரி, இந்த மனிதரைக் கூட்டிவந்து உட்கார வைத்து, "இவர் எதைச் சொல்றாரோ அதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளுத்த அரைக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, குதிகால் தேய்ந்த செருப்பு. ஸ்டோர்ஸில் நாற்காலி எண்ணுகிற ஆள். அதிகாரிக்கு உடம்பு வணங்கவில்லை, கையில் அகப்பட்டவரைத் தள்ளிவிட்டார். பார்த்த மாத்திரத்தில் சர்க்கரை அப்படி முடிவு கட்டிவிட்டான்.

விழுந்ததாவது ஒழுங்காக விழுந்தாரா? ஒரு தடவை வேகம் போதாமல், ஒரு தடவை இறக்கை சாய்ந்து, ஒரு தடவை சக்கரத்தை இறக்கவே மறந்து. விழுகிற விதம்தான் வேறு வேறு. விழுகிற இடம் மட்டும் ஏழு தடவையும் ஓடுபாதையின் அதே வெள்ளைப் பட்டை.

"என்ன மேடம், வந்த மனுஷனை இப்படித் தரையில போட்டுத் தேய்க்கிறீங்க?" என்று எதிர்க் கம்பெனிக்காரப் பெண்ணின் காதைக் கடித்தான்.

"அவர் ஓட்றாரு. மிஷின் காட்டுது. நான் என்ன பண்றது?"

"பொழைக்கத் தெரியாதவங்களா இருக்கீங்களே."

அவளுடைய பெட்டியும் அவளைப் போலத்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில், சிரிப்பே இல்லாமல்.

சர்க்கரைக்குப் பிழைக்கத் தெரியும். பிழைத்தே ஆகவேண்டும். காலையில் மனைவி போனில் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "இந்த ஆர்டராவது முடியுமா? பாப்பா உங்க போட்டோவைப் பார்த்து அங்கிள்ங்கிறா." முடிந்தால் தலைமை அலுவலகத்தில் நாற்காலி, தினமும் வீட்டுச் சாப்பாடு. முடியாவிட்டால் இன்னொரு வருஷம் ஊர் ஊராகப் பெட்டி தூக்கி, லாட்ஜ் லாட்ஜாகப் படுக்க வேண்டியதுதான்.

"வாங்க சார், நம்மகிட்ட வாங்க. அது கிடக்குது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காருவதற்குள் மூலையில் இருந்த ஒரு விசையைத் தட்டினான். அதற்கு அவன் வைத்த பேர் கைத்தாங்கல். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கணினி வாங்கக் கடைக்கு வருகிற பணக்கார அப்பாக்களுக்காக ஏற்பாடு செய்தது. ஓட்டுகிறவர் என்ன கோணல் பண்ணினாலும் கணினியே விமானத்தை நிமிர்த்தி, சக்கரத்தை இறக்கி, பூப்போலத் தரையில் வைத்துவிடும். ஜெயித்த மனுஷன் பேரம் பேசமாட்டான் என்பது சர்க்கரை கண்டுபிடித்த சாஸ்திரம்.

முதல் தடவையே விமானம் அழகாக இறங்கியது. கண்ணாடிக்காரரின் புருவம் ஏறியது. திரையைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இதுல தனியா ஏதாச்சும் போட்டிருக்கீங்களா, தம்பி?"

"சேச்சே, ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் உங்க கை."

"நிஜமாவா?"

"என் குழந்தை மேல சத்தியம் சார். மிஷின் நல்ல மிஷினா இருந்தா கை தன்னால படியும்."

அவர் மறுபடி ஓட்டினார். மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை ஒரேயடியாக ஒரு பக்கம் ஒடித்துத் திருப்பினார். அப்போதும் விமானம் சமர்த்தாகப் போய் நின்றது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பாவம், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் கைகூடியிருக்கிறது, உணர்ச்சிவசப்படுகிறார் என்று சர்க்கரை மனசுக்குள் சிரித்துக்கொண்டான். வெளியே கைதட்டினான்.

ஏழு தடவை ஓட்டினார். ஏழு தடவையும் இறங்கியது. சர்க்கரை மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டு மனைவிக்கு 'முடிஞ்ச மாதிரிதான்' என்று தட்டிவிட்டான்.

அதிகாரி திரும்பி வந்தார். வந்தவர் உட்காரவில்லை. கண்ணாடிக்காரர் எழுதி முடிக்கும்வரை ஓரமாக நின்றார்.

கண்ணாடிக்காரர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நாற்பதும் உங்ககிட்டயே எடுத்துக்கலாம்மா."

சர்க்கரைக்கு முகம் வெளிறிவிட்டது. அதிகாரியிடம் ஓடினான். "சார், இது என்ன சார் அநியாயம்? நீங்களாவது சொல்லுங்க. இவருக்கு விமானத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்ததே அவர்தான். எனக்கு முன்னாடி எத்தனையோ பேருக்கும். இங்க அவர் சொன்னா சொன்னதுதான்."

ஆனாலும் சர்க்கரை விடவில்லை. போனில் மனைவியின் பதில் வந்து மின்னிக்கொண்டிருந்தது.

"அய்யா, நீங்களே சொல்லுங்க. அந்த மிஷின்ல ஏழு தடவையும் விழுந்தீங்க. நம்ம மிஷின்ல ஒரு தடவைகூட விழலையே."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

"இதுலயும் ஏழு தடவை விழத்தான் பார்த்தேன், தம்பி."