நத்தை கொண்டுவந்த சேதி

வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டர் ஒன்றின் டைம்லைன் என்ற நேரக்கோட்டில், எந்த நொடியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று குறிக்கும் இரண்டு கீஃப்ரேம் புள்ளிகள் இருந்தனவாம். "நத்தை இலைக்காம்பில் இருக்கட்டும்" என்று சொல்வது முதல் புள்ளி. "இலைநுனிக்கு வந்துவிடட்டும்" என்பது இரண்டாவது. இரண்டும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஓயாமல் ஊர்க்கதை பேசும். இடையில் நேரமே இல்லாததால், பாவம் நத்தை கண்மூடித் திறப்பதற்குள் இலையைக் கடந்தாக வேண்டும்.

"அண்ணன்மாரே, நத்தை இப்படிப் பாய்ஞ்சா யாரு நம்புவா? இன்னொரு தடவை ஓடினா என்னை அழிச்சிடுவேன்னு எடிட்டர் சொல்லிட்டாரு. கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்" என்று மூச்சு வாங்கக் கேட்டது நத்தை.

"இவனை விட்டுட்டு நான் தள்ளிப் போறதா?" என்று முறைத்தது முதல் புள்ளி.

நத்தையின் கொம்புகள் தொங்கிப்போயின. அதைப் பார்த்த இரண்டாவது புள்ளி, பத்து விநாடி தூரம் நகர்ந்துபோய் உட்கார்ந்தது.

வீடியோ ஓடியது. நத்தை ஆடி அசைந்து, இலை நரம்பையெல்லாம் தடவிக்கொண்டு நுனிக்கு வந்தது. எடிட்டர் சிரித்தபடி சேவ் செய்தார்.

"அவன் ஏதாவது சொன்னானா?" என்று முதல் புள்ளி இருந்த பக்கம் பார்த்தபடி நத்தையிடம் கேட்டது இரண்டாவது புள்ளி.

"நீங்க சௌக்கியமான்னு கேட்கச் சொன்னாரு."



"பக்கத்துல இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட அவன் அதைக் கேட்டதில்லை" என்றது புள்ளி.