பனி இளக நாலு நாள்

ஏரியின் எதிர்க்கரையில் எஸ்கோவின் மரம் வெட்டும் மெஷின் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. அங்கே ஒவ்வொரு மரம் விழும்போதும் இங்கே ஒலாவிக்கு வயிறு எரிந்தது.

"வேணும்னே சத்தம் போடுறான். போன வருஷத்து ஹோஸை இன்னும் மறக்கல," என்றான்.

போன வருடம் இதே நாட்களில் எஸ்கோவின் மெஷினில் எண்ணெய் ஓடும் ஹோஸ் வெடித்தது. ஒன்று கேட்டு வந்தவனிடம் "என்கிட்ட இல்லையே" என்று கையை விரித்துவிட்டான் ஒலாவி. வண்டிக்குள் இரண்டு கிடந்தன.

இப்போது ஒலாவியின் மெஷின் பனியில் செத்துக் கிடந்தது. மெக்கானிக் ராய்மோ ஹைட்ராலிக் பம்பைப் பிரித்து உள்ளே விரலால் தடவிப் பார்த்தான்.

"முழுக்கக் கீறல் அண்ணே. தேய்ச்சு மாட்டலாம். ஆனா ஒரு மணி நேரத்துல உடைஞ்சாலும் உடையும். இரும்புத் தூள் எண்ணெயோட ஓடி மொத்த மெஷினையும் தின்னுடும்."

"புதுசு?"

"வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்."

நாலு நாளில் பனி இளகும் என்று வானொலி சொல்லியிருந்தது. இளகினால் இந்தச் சதுப்பு சேறாகிவிடும்; மெஷினை இறக்க முடியாது. மரம் போகாவிட்டால் ஆலைக்காரன் ஒப்பந்தத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். இருபது வருடத் தொழில் அதோடு சரி.

"ரிப்பேர் பண்ணா மெஷின் போச்சு, மாத்துனா தொழில் போச்சு." ஒலாவி ராய்மோவின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏதாவது பண்ணு தம்பி. உன் கால்ல வேணாலும் விழறேன்."

ராய்மோ வேனை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரைச் சத்தம் நின்றது.

"நிறுத்திட்டு நம்ம கூத்தை வேடிக்கை பாக்குறான்," என்று பல்லைக் கடித்தான் ஒலாவி.

மதியம் ராய்மோ ஒரு பம்பைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அந்தக் குளிரிலும் அது கதகதப்பாக இருந்தது. வேன் ஹீட்டர் பக்கத்தில் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான் ஒலாவி.

எண்ணெயை மாற்றி, பம்பை மாட்டி, ஓடவிட்டார்கள். மெஷினின் கை மெல்ல உயர்ந்தது. ஒலாவி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எந்தக் கடையில கிடைச்சுது?"

"கடையா? எஸ்கோ அண்ணன் மெஷின்ல இருந்து கழட்டுனேன். அவரு காடு மேடாம், பனி இளகுனாலும் சேறாகாதாம். புதுசு வந்தா அவரு மாட்டிக்குவாராம்."

ஒலாவி எதிர்க்கரையைத் திரும்பிப் பார்த்தான். ராய்மோ வேனுக்குள் கையை விட்டு இன்னொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"ஹோஸ். உங்ககிட்ட இல்லைன்னு சொன்னீங்களாமே, இதையும் குடுத்துவிட்டாரு."