செத்தவன் பேரில் பாடு

"செத்தவன் எப்டிம்மா வலை கட்டுவான்? அதச் சொல்லு மொதல்ல."

லோகநாதன் கேட்டார். மீனவர் சங்கக் கட்டிடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் மோகனப்பிரியாவைப் பார்த்தார்கள்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். வாரம் ஆறு நாள் சென்னை ஆபீஸில் புரோகிராமில் தப்புத் தேடுகிற இதே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் இங்கேயும்.

ஏரியில் இறால் வலை கட்ட ஊரில் ஒரு முறை உண்டு. பாடு என்று பேர். இன்றைக்கு இன்னார் வீட்டு வலை என்று சீட்டு விழும். விழாதவன் கரையில் நிற்க வேண்டியதுதான். செத்தவன் பாடு ஊருக்குத் திரும்பிவிடும். உயிரோடு இருப்பவனும் தன் பாட்டை அடுத்த வீட்டுக்கு விட்டுத் தரக் கூடாது.

சீட்டில் கள்ளம் நடக்கிறதென்று சண்டை வந்து, போன வருஷம் செல்போனுக்கு மாறினார்கள். புரோகிராம் எழுதிக் கொடுத்தது மோகனப்பிரியா.

இளங்கோவன் செத்து எட்டு மாசம். அவன் பேரில் இன்னும் பாடு விழுகிறது. அவன் பெண்டாட்டி ஹேமாவதியின் தம்பி வந்து வலை கட்டிவிட்டுப் போகிறான்.

"மிஷின் மறந்துட்டுக்கீதுனு மொதல்ல வுட்டோம். எட்டு மாசமா மறக்கும்?" என்றார் லோகநாதன். "பட்டியல்ல கை வெக்கிற பாஸ்வேர்டு தலைவர்கிட்டதான் கீது."

தலைவர் கோதண்டம் மூலையில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவப்பு. மடியில் ஒரு துணிப்பை.

"முட்டி வலினு எட்டு மாசமா தண்ணில எறங்கல. ஆனா தெனம் சாயங்காலம் மீஞ்சூர் பஸ்ஸு. விடிஞ்சா கண்ணு செவந்து வந்து எறங்குறாரு. குடிக்கத் துட்டு எங்கேர்ந்து வருது? செத்தவன் பாட்டுல பங்கு" என்றார் லோகநாதன்.

கோதண்டம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தப்பு மிஷின்லயா, மனுசன்கிட்டயா? நீ சொல்லும்மா. மனுசன்னா இன்னிக்கே தலைவர மாத்திடலாம். அந்த வூட்டுப் பாட்டையும் நிறுத்திடலாம்."

ஹேமாவதி வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

மோகனப்பிரியா, புரோகிராமை அடி அடியாக ஓட்டிப் பார்க்கிற டீபக்கரைப் போட்டாள். சீட்டு விழுகிற இடத்தில் புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, உறுப்பினர் பட்டியல் இருக்கிற அர்ரேயை விரித்தாள். வரிசை எண் போட்ட பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உறுப்பினர் எண், பேர், கடைசியாகப் பாடு விழுந்த தேதி.

லோகநாதன் எட்டிப் பார்த்தார். "அறுபதுல முடியுதே. நாம அறுபத்தோரு பேராச்சே."

"இது பூஜ்யத்துலேர்ந்து எண்ணும் மாமா. அறுபத்தொண்ணு சரியா இருக்கு."

"பூஜ்யத்துலேர்ந்தா? இதுகிட்ட இறால எண்ண வுட்டா குடும்பம் அம்போ."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எண்ணிக்கை உறுத்தியது.

இளங்கோவன் இருந்தபோது அறுபத்திரண்டு பேர். அவன் போனபின் அறுபத்தொன்று. அவனை யாராவது திருப்பிச் சேர்த்திருந்தால் அறுபத்திரண்டு இருக்க வேண்டும். இல்லை.

செத்தவன் உள்ளே இருக்கிறான், ஆனால் கணக்கு ஏறவில்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிற ஒருவர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

பெட்டி பெட்டியாகத் திறந்து மூடினாள். ஒரு பெட்டியில் கை நின்றுவிட்டது.

"இன்னாம்மா, கல்லாட்டம் உக்காந்துக்கினே?"

மோகனப்பிரியா கோதண்டத்தைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார்.

அவள் லேப்டாப்பை லோகநாதன் பக்கம் திருப்பினாள். "நீங்களே படிங்க மாமா."

"பேரு, இளங்கோவன். அதான் தெரியுமே."

"மேல நம்பரப் படிங்க. அவரு நம்பர் அம்பத்தெட்டு."

"நம்பரு..." லோகநாதன் கண்ணைச் சுருக்கினார். "நாலு."

"இளங்கோவன் மாமாவ யாரும் புதுசா சேக்கல. நாலாம் நம்பர்காரர் தன் பேர அழிச்சுட்டு அங்க இவர் பேர எழுதிக்கீறாரு. அவ்ளோதான்."

நாலாம் நம்பர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு மாசமாகக் கரையில் கவிழ்ந்து கிடக்கிற கோதண்டத்தின் படகில் அந்த எண்தான் வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கிறது.

"அப்ப உன் வூட்டு அடுப்பு எப்டி எரியுது தலைவரே?"

லோகநாதனின் குரல் இறங்கியிருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா."

கோதண்டம் எழுந்தார். முட்டியில் ஒரு குறையும் இல்லை. விறுவிறுவென்று படி இறங்கினார். துணிப்பையிலிருந்து நீலச் சட்டையின் கை ஒன்று வெளியே தொங்கியது. அதில் செக்யூரிட்டி என்று தைத்திருந்தது.

மோகனப்பிரியா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பேர எடுத்துடட்டுமா மாமா?"

லோகநாதன் வாசலைப் பார்த்தார். ஹேமாவதி இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"எந்தப் பேரு?" என்றார்.